ஹார்டு டிஸ்க் இல்லாத பத்துப் பெட்டிகள்

மும்பை தாராவியில் 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மளிகைக் கடையின் மாடியில், நம்மவர்கள் நடத்தும் இரவுப் பாடசாலை இருக்கிறது. ஏணியைப் போல் செங்குத்தாக நிற்கும் இரும்புப் படியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு அந்தப் படியில் பத்து கம்ப்யூட்டர் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து ஏற்றினார்கள். கோட்டைப் பகுதியில் உள்ள அலுவலகம் ஒன்று புதிய இயந்திரங்கள் வாங்கியபோது, பழையவற்றை இலவசமாகக் கொடுத்துவிட்டது. டெம்போ வாடகைக்கு மட்டும் கமிட்டியார் வசூல் செய்தார்கள்.

மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது பத்துத் திரைகளிலும் ஒரே வாசகம் தோன்றியது. இயங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். பெட்டியைத் திறந்தால், ஹார்டு டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள்தாம் இருந்தன.

இதில் அலுவலகத்தாரைக் குறை சொல்ல இடமில்லை. கணக்கு வழக்குகளும் வாடிக்கையாளர் விவரங்களும் அந்த டிஸ்கில்தான் பதிந்திருக்கும். அழித்தாலும் மீட்டெடுக்கும் கில்லாடிகள் உண்டு. ஆகவே பெட்டியை வெளியே அனுப்பும்போது டிஸ்கைக் கழற்றி உடைத்துவிடுவது பல கம்பெனிகளில் விதி. விண்டோஸ் 10-க்கான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐப் பழைய பெட்டிகள் பல ஏற்பதில்லை. இதனால் நல்ல நிலையில் உள்ள இயந்திரங்களும் மூலையில் குவிகின்றன. கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் இதயத்தை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

பதினைந்து நாள் கெடு

பாடசாலையின் பொருளாளர் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. சிக்கனக்காரர். பத்து டிஸ்க் வாங்கும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பெட்டிகளைப் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிடுவதே மேல் என்றார். பெட்டிக்கு 200 ரூபாய் வீதம் விலை பேசியும் வைத்திருந்தார். அந்த இடத்தில் தையல் மெஷின் போட வேண்டும் என்று பெண்கள் சிலர் கேட்டிருந்ததும் அவருக்குச் சாதகமாக இருந்தது.

மறுபக்கம் நான்கு பெண் பிள்ளைகள். மகாராஷ்டிர அரசு நடத்தும் கம்ப்யூட்டர் தட்டச்சுப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் தேறினால்தான் பல ஆபீஸ்களில் விண்ணப்பமே வாங்குவார்கள். பயிற்சி நிலையம் சயான் பக்கம் இருக்கிறது. பகலில் காலேஜ். இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே போய் வர வீட்டில் அனுமதி இல்லை. மாடியில் பெட்டிகள் வந்து இறங்கியதும் அவர்கள் அடைந்த மகிழ்ச்சி, பெட்டியைத் திறந்து பார்க்கும் வரையில்தான் நீடித்தது.

அப்போது கமிட்டியில் எழுந்து நின்றவர் ஒரு குமாஸ்தா. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். 1998-ல் மும்பைக்கு வந்தவர். மஸ்ஜித் பந்தரில் சரக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவரிடம் டெஸ்பாட்ச் வேலை. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். “டிஸ்க் இல்லாமலே ஓட்டலாம், அண்ணாச்சி. ஒரு பெட்டியில டிஸ்க் இருந்தாப் போதும்” என்றார்.

“தம்பி, நீ ஆபீஸ்ல சீட்டு எழுதுற ஆளு. இது இஞ்சினீயர் வேல. பதினஞ்சு நாள் தாரேன். ரெண்டாவது ஞாயித்துக்கிழம சாமான்காரன் வண்டியோட வருவான். அதுக்குள்ள ஓடுச்சுன்னா சரி” என்று பொருளாளர் முடித்துவிட்டார்.

முதல் கேள்வி: நான் யார்?

குமாஸ்தா சொன்னதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரை வலைப்பின்னல் கம்பி வழியாக இயக்கும் முறை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. 1980-களில் டிஸ்க் என்பது யானை விலை. அமெரிக்காவின் சன் கம்பெனி டிஸ்க் இல்லாத இயந்திரங்களை விற்றது. அவை எல்லாம் நடுவில் உள்ள ஒரு பெரிய இயந்திரத்தின் டிஸ்கையே தம்முடையது போல் பயன்படுத்தின. அதற்கென அந்தக் கம்பெனி 1984-ல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். என்னும் ஏற்பாடு இன்றைக்கும் பழக்கத்தில் உள்ளது. 1985-ல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் என்ற இருவர், பெட்டி தானாகத் தன் முகவரியைக் கேட்டுப் பெறும் பூட்பி என்னும் விதிமுறையை வகுத்துக் கொடுத்தார்கள். பின்னர் வந்த டி.எச்.சி.பி. அதன் வாரிசு. 1990-களின் கடைசியில் இன்டெல் கம்பெனி இவற்றை எல்லாம் சேர்த்து பி.எக்ஸ்.இ. என்ற பெயரில் ஒரு முறையாக்கியது. ‘பிக்ஸி’ என்பார்கள். அதன் பிறகு வந்த அலுவலகக் கம்ப்யூட்டர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. தேடுவார் இல்லாததால் தூங்குகிறது.

ரயில் முன்பதிவு கவுன்டரை நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். டெல்லியில் 1985-ல் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியபோது, குமாஸ்தாவின் மேஜையில் இருந்தது வெறும் முனையம். சீட்டுக் கணக்கெல்லாம் நடுவில் இருந்த இயந்திரத்தில்தான் நடந்தது.

பெட்டியில் சுவிட்சைத் தட்டியவுடன் நடப்பது இதுதான். வலைப்பின்னல் கார்டில் சின்னஞ்சிறு நிரல் ஒன்று ஆலையிலேயே எரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தன் பெயர் தெரியாது; ஊர் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு எண். அதுவும் ஆலையில் பதித்ததுதான். அந்த எண்ணைச் சொல்லிக் கம்பி முழுவதும் கேட்கும்படி கூவுகிறது: “இந்த எண்ணுக்குரிய நான் யார்? எனக்கு முகவரி கொடுப்பவர் உண்டா? என்னை இயக்கும் கோப்பு எங்கே?” சர்வர் அதற்கு மூன்று விஷயம் பதில் சொல்கிறது. உன் முகவரி இது. கோப்பை இன்னாரிடம் கேள். கோப்பின் பெயர் இது.

பெட்டி அந்த இன்னாரிடம் போய்க் கோப்பைக் கேட்கிறது. கோப்பு வரும் வழிக்கு டி.எஃப்.டி.பி. என்று பெயர். 1981-ல் காரென் சொலின்ஸ் என்ற அம்மையார் அதன் விதிகளை எழுதினார். சின்ன நிரலுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக மிக எளிமையாக வைத்திருக்கிறார்கள். 512 பைட் கொண்ட ஒரு கட்டை அனுப்பும். ‘வந்து சேர்ந்தது’ என்ற ரசீது கிடைத்தால்தான் அடுத்த கட்டு. 50 மெகாபைட் கோப்பு என்றால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ரசீதுகள்! பிற்காலத்தில் பெரிய கட்டாக அனுப்பவும் வழி செய்தார்கள்.

இப்படி முதலில் வருவது இருபது வீட்டுச் சாவியையும் வைத்திருக்கும் காவல்காரன் போன்ற ஒரு சிறு நிரல். அது லினக்ஸின் கெர்னல் என்னும் கருவையும், அதோடு சேர்ந்த சிறு மூட்டை ஒன்றையும் கொண்டுவந்து பெட்டியின் நினைவகத்தில் இறக்குகிறது. கெர்னல் விழித்தெழுந்ததும், சர்வரில் உள்ள பெரிய பிம்பக் கோப்பை என்.எஃப்.எஸ். மூலம் தன் டிஸ்காக மாட்டிக்கொள்கிறது. பிம்பம் பல கிகாபைட் பெரிதாக இருந்தாலும் முழுவதும் கம்பியில் வருவதில்லை. எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கம் மட்டும் வரும். அதில் யாரும் எழுத முடியாது, படிக்கத்தான் முடியும். பிள்ளைகள் எதையாவது மாற்றினால், அந்த மாற்றம் பெட்டியின் நினைவகத்தில் மட்டும் நிற்கும். சுவிட்சை அணைத்தால் போய்விடும். மறுநாள் காலையில் பெட்டி பிறந்த குழந்தையைப் போல் எழுந்திருக்கும்.

சிலேட்டைத் துடைத்துக் கொடுப்பது போன்ற இந்தக் குணம் ஒன்றுக்காகவே பள்ளிக்கூடங்களில் இதை வைக்கலாம்.

கிரேக்க நாட்டு வாத்தியார்கள் செய்த உதவி

இத்தனையையும் ஒருவர் தனித்தனியாகக் கோத்துச் சரிசெய்வது சிரமம். ஆனால் கோத்து வைத்த மாலை ஒன்று உண்டு. எல்.டி.எஸ்.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். ஜிம் மெக்குவிலன் என்ற அமெரிக்கர் 1999-ல் தொடங்கி வைத்தார். அப்போதெல்லாம் வேலை முழுவதும் சர்வரில் நடக்கும்; மேஜையில் உள்ள பெட்டி திரையாகவும் விசைப்பலகையாகவும் மட்டும் இருக்கும். இருபது பேர் உட்கார்ந்தால் சர்வர் மூச்சு வாங்கும். 2019-ல் இதை முற்றிலும் புதிதாக எழுதினார்கள். முன்னின்று எழுதியவர் கிரேக்க நாட்டைச் சேர்ந்த அல்கிஸ் ஜியார்கோபுலோஸ். அந்த நாட்டுப் பள்ளிகளில் இது பெருமளவில் பயன்படுகிறது. இப்போதைய ஏற்பாட்டில் நிரல்கள் பெட்டியின் சொந்த மூளையிலும் நினைவகத்திலுமே ஓடுகின்றன. சர்வர் கோப்புகளைப் பரிமாறினால் போதும். ஆகவே பெரிய சர்வரும் வேண்டியதில்லை.

லினக்ஸுக்கு லைசென்ஸ் பணம் கிடையாது என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. ஊரில் தங்கை மகனுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்று ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்களே, அதுவும் லினக்ஸ்தான்.

குமாஸ்தா சர்வராக வைத்தது தம் வீட்டுக் கம்ப்யூட்டரை. மகனுக்காகத் தவணையில் வாங்கியது. மகன் புனேயில் வேலைக்குப் போய்விட்டான். எட்டு கிகாபைட் நினைவகமும் 240 கிகாபைட் எஸ்.எஸ்.டி.யும் அதில் இருந்தன. உபுண்டு மாட்டே என்ற லினக்ஸைப் பதித்து, அதன் பண்டகசாலையிலிருந்தே எல்.டி.எஸ்.பி., டி.என்.எஸ்.மாஸ்க், என்.எஃப்.எஸ். சர்வர், எஸ்.எஸ்.எச். சர்வர் ஆகியவற்றை இறக்கினார். டி.என்.எஸ்.மாஸ்க் என்பது முகவரி கொடுக்கும் வேலை, கோப்புக் கொடுக்கும் வேலை இரண்டையும் ஒருவனே பார்க்கும் சிறிய நிரல். பிறகு நான்கைந்து உத்தரவுகள்தாம். ‘எல்.டி.எஸ்.பி. இமேஜ்’ என்றால் சர்வரில் உள்ள லினக்ஸையே படம் பிடித்துப் பிம்பமாக்கும். ‘ஐபிக்ஸி’ என்றால் தொடக்கப் பட்டியல் தயாராகும். ‘என்.எஃப்.எஸ்.’ என்றால் பிம்பத்தைப் பகிரும். ‘இனிட்-ஆர்டி’ என்றால் பெட்டிகளுக்குப் போகும் சிறு மூட்டையைக் கட்டும். பிம்பம் பிடிப்பதுதான் நேரமாகும். குளித்துவிட்டு வந்து காப்பி குடிக்கலாம்.

கம்பி இழுப்பதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. நான்கு பெண்களும் உடன் நின்றார்கள். எட்டு நிறக் கம்பிகளை வரிசை தவறாமல் அடுக்கி முனையில் ஆர்.ஜே. 45 செருகியை அழுத்தும் வேலையில், பி.எஸ்ஸி. படிக்கும் ஒரு பெண் குமாஸ்தாவை மிஞ்சிவிட்டாள். அலுவலகத்தார் கொடுத்த பழைய ஸ்விட்சையே முதலில் மாட்டினார்கள். அது 100 மெகாபிட் வேகம். எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 12 மெகாபைட்தான் போகும். நான்கு பெட்டிகளை ஒருசேரத் தட்டினால், சர்ச்கேட் ஃபாஸ்ட் வண்டியில் தாதரில் ஏறுவது போல் ஒன்றை ஒன்று நெருக்கின. பிறகு லாமிங்டன் ரோட்டுக்குப் போய் ஆயிரம் மெகாபிட் ஸ்விட்ச், 16 துளை உள்ளது, பேரம் பேசி வாங்கி வந்தார். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சர்வருக்குப் பெரிய மூளை வேண்டாம்; அகலமான வாசல் வேண்டும்.

எண் சொல்லும் சேதி

வார நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வேலை நடந்தது. முதலில் பெட்டிக்குள் தூங்கும் பிக்ஸியை எழுப்ப வேண்டும். சுவிட்சைத் தட்டியதும் டெலீட் அல்லது எஃப் 2 விசையை அழுத்தி உள்ளமைப்புக்குள் போய், வலைப்பின்னல் வழியாகத் தொடங்கு என்று சொல்ல வேண்டும். சொன்னார்கள். மறுநாள் வந்து பார்த்தால் மூன்று பெட்டிகள் அதை மறந்துவிட்டிருந்தன. காரணம், உள்ளே உள்ள பட்டன் செல் தீர்ந்துபோனது. சி.ஆர். 2032 என்று கேட்டால் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். பழைய பெட்டி வாங்குபவர்கள் முதலில் இதை மாற்றிவிடுவது நல்லது.

பிக்ஸி தடுக்கி விழும்போது திரையில் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நிற்கும். பலரும் அதைப் படிக்காமலே பெட்டியை அணைத்துவிடுகிறார்கள். எந்த ஸ்டேஷனில் வண்டி நின்றது என்று சொல்வது அந்த எண்தான். இ-61 என்றால் கம்பியே சரியாக மாட்டவில்லை. இ-51 என்றால், கூவியும் யாரும் பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் சர்வரில் முகவரி கொடுக்கும் நிரல் ஓடவில்லை. இ-53 என்றால் முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இ-32 என்றால் பெயரும் கிடைத்தது, ஆனால் கதவைத் தட்டினால் கோப்புக் கொடுப்பவர் பேசவில்லை. பெரும்பாலும் சர்வரின் ஃபயர்வால் தடுத்திருக்கும். இந்த நான்கையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள் அந்த பி.எஸ்ஸி. பெண்.

கெடு முடிவதற்கு முந்திய சனிக்கிழமை இரவு ஆறு பெட்டிகள் எழுந்தன. கைதட்டல் படிக்குக் கீழே வரை கேட்டது. மற்ற நான்கில் மூன்று அசையவில்லை. “மாமா, மூணுலயும் இ-அம்பத்தி மூணுன்னே வருது” என்றாள் அவள். அவிழ்த்துக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில், படியில் தடதடவென்று சத்தம். பொருளாளர் வந்து நின்றார். கையில் ஃபோன்.

“என்னத்தடா செஞ்சு வச்சிருக்கீங்க மேல? ஒரு மணி நேரமா நெட்டு இல்ல. துட்டு வந்துச்சா வரலையான்னு பாக்க முடியல. சனிக்கிழம ராத்திரி ஏவாரம்! எல்லாத்தையும் புடுங்கிப் போடுங்க!”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மாடிக்கு இணையத் தொடர்பு அவருடைய கடையின் வைஃபை ரூட்டரிலிருந்துதான் வந்தது. ஒரு கம்பியை இழுத்துப் பாடசாலைக்கு இலவசமாக விட்டிருந்தார்.

ஒரு ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்

குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். கம்பிகளைப் பிடுங்கிவிடத்தான் முதலில் நினைத்தார். அந்தப் பெண் பொருளாளரிடம் ஃபோனை வாங்கினாள். “மாமா, இங்க பாருங்க. பெரியப்பா ஃபோன்ல வாசல்னு போட்டிருக்க நம்பர் நம்ம சர்வர் நம்பர்ல்ல?” என்றாள்.

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. பழைய முறை ஒன்றைப் பார்த்து, டி.என்.எஸ்.மாஸ்க்குக்கு முகவரி கொடுக்கும் அதிகாரத்தையும் குமாஸ்தா கொடுத்துவிட்டிருந்தார். கடை ரூட்டரும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே கம்பியில். யாராவது கூவினால், இருவரும் பதில் சொல்வார்கள்; முந்தியவர் சொன்னது செல்லும். பொருளாளரின் ஃபோனுக்கு மாடிச் சர்வர் முந்திக்கொண்டு முகவரி கொடுத்து, வெளியே போகும் வாசலும் நானே என்று சொல்லிவிட்டது. அந்த வாசலுக்கு அப்பால் சுவர்தான். மாடியில் இதற்கு நேர் எதிர். மூன்று பெட்டிகளுக்கு ரூட்டர் முந்தியது. முகவரி கொடுத்தது, கோப்பின் பெயரைச் சொல்ல அதற்குத் தெரியாது. அதுதான் இ-53. கீழே நெட் நின்றதற்கும் மேலே பெட்டி நின்றதற்கும் காரணம் ஒன்றே.

இதற்குப் பரிகாரமும் பிக்ஸியை வகுத்தவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். பிராக்ஸி டி.எச்.சி.பி. என்று பெயர். முகவரி கொடுக்கும் உரிமை ரூட்டருக்கே. சர்வர் அதில் தலையிடாது. பிக்ஸி என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்கு மட்டும், “உன் கோப்பு இங்கே” என்று தனியாக ஒரு வார்த்தை சொல்லும். பெர்த் எண் கொடுப்பவர் ஒருவர், வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வரும் என்று சொல்பவர் வேறொருவர் அல்லவா? அது போல. ஃபோன்கள் பிக்ஸி அல்ல. எனவே அவற்றின் பக்கமே சர்வர் திரும்பாது. எல்.டி.எஸ்.பி.யின் சொந்த உத்தரவைக் கொடுத்தால் டி.என்.எஸ்.மாஸ்க்கை இப்படித்தான் அமைக்கும். குமாஸ்தா தம் கையால் எழுதிய கோப்பை நீக்கிவிட்டு, அந்த உத்தரவைக் கொடுத்து நிரலை மறுபடி கிளப்பினார். பொருளாளரின் ஃபோனில் வைஃபையை ஒரு முறை அணைத்து ஏற்றினாள் அந்தப் பெண். மூன்று ‘பணம் பெறப்பட்டது’ சேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

பொருளாளர் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் அலுவலகங்களில் வேலை செய்யும் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இதைப் படித்துவிட்டு ஆபீஸ் கம்பியில் சோதனை செய்து பார்க்க வேண்டாம். ஒரு தளம் முழுவதும் வேலை நின்று போகும். காரணம் கண்டுபிடிக்கப்பட்டால் வேலையும் போகும். பிக்ஸி கண்ணை மூடிக்கொண்டு முதல் குரலை நம்பும் சுபாவம் உடையது. ஆகவேதான் பல அலுவலகங்களில் அதை மூடியே வைத்திருக்கிறார்கள்.

சாமான்காரன் வந்த நாள்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கைவண்டி வந்து சந்தில் நின்றது. அப்போது மாடியில் எட்டுப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்பதாவதில் மின்தேக்கிகள் வீங்கி வெடித்திருந்தன. அதற்கு வைத்தியம் இல்லை. அதன் நினைவகப் பட்டையைக் கழற்றி, இரண்டு கிகாபைட்டோடு திணறிக்கொண்டிருந்த வேறொரு பெட்டிக்குக் கொடுத்தார்கள். பத்தாவது, மற்றவற்றைவிடப் புதியது. யு.இ.எஃப்.ஐ. வகை. பழைய பயாஸ் பெட்டிகளுக்குக் கொடுக்கும் முதல் கோப்பு இதற்குச் செல்லாது. வேறு கோப்பு வேண்டும். பெட்டி கூவும்போதே தான் எந்த வகை என்று ஓர் எண்ணால் சொல்லிவிடுவதால், சர்வர் பார்த்துப் பரிமாறும். அப்படியும் அது அடம்பிடித்தது. உள்ளமைப்பில் செக்யூர் பூட் என்பதை அணைக்க வேண்டும் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. முத்திரை இல்லாத கோப்பை ஏற்காத காவல் அது.

சாமான்காரனுக்கு வீங்கிய பெட்டி ஒன்று மட்டும் கிடைத்தது. வண்டிக்கூலிக்கும் காணாது என்று முணுமுணுத்தான். பொருளாளர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை இரவு பிள்ளைகள் பெயர் பதியும் வேலை நடந்தது. ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு கணக்கு. எந்தப் பெட்டியில் உட்கார்ந்தாலும் தம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால், தம் கோப்புகள் வந்துவிடும். அவை மட்டும் சர்வரில் நிலையாக எழுதப்படும். முதலில் பதிந்தவர்கள் நுழைந்தார்கள். கடைசியாகச் சேர்ந்த ஒரு பெண்ணை மட்டும் எந்தப் பெட்டியும் உள்ளே விடவில்லை. அழும் நிலைக்கு வந்துவிட்டாள். விஷயம் சின்னது. பயனாளர் பட்டியல் பெட்டிகளுக்குப் போவது, முன்பு சொன்ன ‘இனிட்-ஆர்டி’ மூட்டைக்குள்தான். புதியவர் சேர்ந்தால் மூட்டையை மறுபடி கட்ட வேண்டும். பெட்டியையும் அணைத்து ஏற்ற வேண்டும். குமாஸ்தாவே மறந்துவிட்டார். சுவரில் உள்ள அட்டையில் ஐந்தாவது வரியாக அதுவும் ஏறியது.

குறைகள் இல்லாமல் இல்லை. சர்வர் படுத்தால் ஒன்பது பெட்டிகளும் படுக்கும். ஆகவே யு.பி.எஸ். ஒன்று வாங்கி, சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் மட்டும் இணைத்திருக்கிறார்கள். மற்றப் பெட்டிகள் திடீரென்று அணைந்தாலும் பிம்பத்துக்குச் சேதம் இல்லை. நான்கு கிகாபைட் நினைவகத்தில் தட்டச்சும் லிப்ரே ஆபீஸும் தாராளமாக ஓடுகின்றன. இணையத்தில் ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்து வைத்தால் திணறுகின்றன. மழை நாளில் கூரை ஒழுகும் மூலையில் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்துகிறார்கள். அதற்கு லினக்ஸில் மருந்து இல்லை.

ஆனால் ஒரு சௌகரியத்தைக் கமிட்டியாரே வியக்கிறார்கள். தமிழ் எழுத்துருவும், 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ் 99 விசைப்பலகையும் வேண்டும் என்று சிறுவர்கள் கேட்டார்கள். குமாஸ்தா சர்வரில் ஒரே முறை அவற்றைப் பதித்துப் புதிய பிம்பம் பிடித்தார். மறுநாள் மாலை ஒன்பது பெட்டிகளிலும் தமிழ் இருந்தது. தாராவியில் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் இங்கிலீஷுமாக வளரும் பிள்ளைகள், ஊரில் உள்ள ஆச்சிக்குக் கடிதம் அடித்துப் பார்த்தார்கள். எழுத்துப் பிழைகள் ஏராளம்.

நான்கு பெண்களும் இப்போது இரவு எட்டரை முதல் பத்து வரை தட்டச்சுப் பழகுகிறார்கள். பி.எஸ்ஸி. பெண் நிமிடத்துக்கு முப்பது வார்த்தையைத் தாண்டிவிட்டாள். பரீட்சைத் தேதி இன்னும் வரவில்லை. தையல் மெஷின் இரண்டு, வீங்கிய பெட்டி இருந்த இடத்திலும் ஜன்னலோரத்திலுமாக வந்துவிட்டன. சென்ற வாரம் பொருளாளர் கடையை அடைத்துவிட்டு மாடிக்கு வந்து, மூன்றாவது பெட்டியின் முன் உட்கார்ந்தார். கடைப் பாக்கிக் கணக்கை இதில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். அவர் பெயரையும் பதிந்து, மூட்டையை மறுபடி கட்டினார் குமாஸ்தா.